தைரொயிட்டுச் சுரப்பியும் மகப்பேறும்

மக்கட்பேறு வாய்க்காத இல்லத்தில் முதலிற் குறை கூறப்படுபவள் பெண்ணே. மலடி என்னுஞ் சொல் நம் ஊர்களிற் பலர் வாயிலும் வழங்குகின்றது. மலடன் என்னுஞ் சொல்லும் மொழியில் உண்டு. ஆயினும் அதனை வழக்கிற் கேட்டார் மிகச் சிலரே. சாதகக் குறை, முன்னோர் சாபம், நாகதோடம் எனக் காரணங்கள் பல கற்பிக்கப்படும். கழுத்தின் முன்புறத்தே அமைந்த சிறு சுரப்பியொன்றை நினைப்பார் அரியர். குழந்தையின்மைக்குக் காரணங்கள் பல. அவற்றுட் சில ஆணிடத்தன, சில பெண்ணிடத்தன, சில இருவரிடத்தும் உள்ளன. எளிதிற் கண்டறியத்தக்கதும் எளிதில் திருத்தத்தக்கதுமான ஒன்று தைரொயிட்டுச் சுரப்பியின் குறைச்சுரப்பாகும். அஃது எவ்வாறு மகப்பேற்றைத் தடுக்கின்றது, அதனைத் திருத்துதற்கு உரிய காலம் யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் வைத்தியங் கற்றவள் அல்லேன். கலைப்பட்டத்தை வெளிவாரியாகப் பெற்று, மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் கற்பித்து வருபவள். ஆயினும், அக்கரப்பத்தனைக்கு அப்பால் ஹோட்டன் சமவெளியை அடுத்துக் கிடக்கும் டயகமத் தோட்டங்களில், ஆசிரியர் பணி வகுப்பறையோடு முடிவதில்லை. வங்கிக் கடிதம், நீதிமன்றக் கட்டளை, வைத்தியர் எழுதிய ஆங்கிலச் சீட்டு யாவும் படித்துப் பொருள் கூறுதற்பொருட்டு அவரிடமே வந்து சேரும். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி அத்தகைய சீட்டொன்றையும் மாத்திரைப் பொதியொன்றையும் கொணர்ந்தாள். மணமாகி நான்காண்டுகள் கடந்தும் குழந்தையில்லாதவள். ஒருமுறை கருவுற்று மூன்றாந் திங்களில் அதனை இழந்தவள். “டீச்சர், இது பிள்ளை தங்குறதுக்கான மாத்திரையா?” என்று வினாவினாள். ஆம் என்றோ, அன்று என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்க எனக்கு இயலவில்லை. அதன்பின் நூல்களிற் படித்தும், வைத்தியர்களிடம் வினாவியும் அறிந்தவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

தைரொயிட்டு என்பது கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்று அச்சுரப்பி அமைந்துள்ளது. உணவில் வரும் அயடீனைக் கொண்டு அது தைரொக்சின் முதலிய ஓமோன்களை ஆக்கிக் குருதியிற் கலக்கின்றது. உடலின் கலங்கள் எரிபொருளைப் பயன்படுத்தும் வேகம் இவ்வோமோனைப் பொறுத்தது. சுரப்புக் குறையின் உடலின் தொழில்கள் யாவும் மந்தமாகும்: சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடியுதிர்தல், உடற்பருமன், மிகுதியான மாதவிடாய் முதலியன தோன்றும்.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி இச்சுரப்பியைக் கண்காணிக்கும் மேலாளர் எனலாம். தைரொக்சின் குறையும்போது கபச்சுரப்பி தன் தூண்டும் ஓமோனை மிகுதியாக அனுப்பி, ‘இன்னும் சுரப்பாயாக’ என்று ஏவுகின்றது. ஆய்வுகூடத்தில் அளக்கப்படும் ரீ.எஸ்.எச். என்பது அவ்வேவலின் அளவே. ஆதலின், ரீ.எஸ்.எச். உயர்ந்திருப்பின் தைரொயிட்டு மிகுதியாகச் சுரக்கின்றது என எண்ணுதல் தவறு. பெரும்பாலும் அது சுரக்கமாட்டாது தளர்கின்றது என்பதே பொருள். அறிக்கைத் தாளைக் கையிற் கொண்டு இவ்விடத்தில் மயங்குவோர் பலர்.

இனி, இக்குறைபாடு கருவுறுதலை எங்ஙனம் தடுக்கின்றது என நோக்குவாம். கபச்சுரப்பியை ஏவுவது அதற்கும் மேலேயுள்ள மூளைப்பகுதி. தைரொக்சின் குறையுங்கால் அப்பகுதி விடுக்கும் ஏவல், பால் சுரத்தற்குரிய புரோலக்டின் என்னும் ஓமோனையும் உடன் உயர்த்தக்கூடும். புரோலக்டின் உயர்ந்தால், குழந்தைக்குப் பாலூட்டுங் காலத்திற்போலச் சூலகத்திலிருந்து சூல் வெளிப்படுதல் தடைப்படும். சூல் வெளிப்படாத திங்களிற் கருவுறல் இல்லை. மாதவிடாய் ஒழுங்கு பிறழ்தலும் இதனாலேயாம். கருவுற்ற விடத்தும், திருத்தப்படாத குறைச்சுரப்புடைய பெண்களிடையே கருச்சிதைவும் குறைப்பிரசவமும் மிகுதி. ஆயினும், குறைச்சுரப்புடைய எல்லாப் பெண்களும் கருவுறாதவர் அல்லர். குறை இருப்பதையே அறியாது தாயானவர் பலர் உளர்.

நிற்க. நம் தோட்டங்களில் இந்நோய் மறைந்துகிடத்தற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, மழையிலும் பனியிலும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண், ‘உடல் சோர்ந்துள்ளது, குளிர் தாங்கவில்லை’ என்று கூறின், அதனை நோயின் அறிகுறியாகக் கொள்வார் யார்? டயகமத்தில் குளிராதவர் எவர்? இன்னும், குருதிச்சோகையும் அதே சோர்வைத் தருவதாகலின், இரும்புச்சத்து மாத்திரையோடு ஆராய்ச்சி நின்றுவிடுதலும் உண்டு. அறிகுறிகள் வாழ்க்கையோடு இயைந்துவிட்ட இடத்தில், குருதிப் பரிசோதனை ஒன்றே உண்மையைக் காட்டவல்லது.

இக்குறைபாட்டுக்குரிய காரணத்தையும் சிறிது கூறவேண்டும். மழை மிக்க மலைநிலங்களின் மண்ணில் அயடீன் கழுவுண்டு போவது இயல்பு. இலங்கையின் ஈரவலயத்தில் முன்னாளிற் கழுத்துக் கழலை பரவியிருந்தமைக்கு அயடீன் குறைவு காரணமாகக் கொள்ளப்பட்டது. 1995 முதல் உணவுக்கு விற்கப்படும் உப்பெல்லாம் அயடீன் ஊட்டப்பெற்றதாதல் வேண்டும் என்னும் விதி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கல்லுப்பைக் கழுவுதலும் திறந்த பாத்திரத்தில் வைத்தலும் அப்பயனைக் குறைக்கும். ஆயினும், அயடீன் போதியவாறு கிடைக்கும் நாடுகளிற் குறைச்சுரப்புக்குத் தலையாய காரணம் வேறு. உடலின் காப்புப் படையே தன் சுரப்பியைப் பகையென மயங்கித் தாக்குவது அது. 1912இல் யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ அதனை முதலில் விவரித்தார். இந்நோய்க்கு உப்பைக் கூட்டி உண்ணுதல் மருந்தாகாது. மிகையான அயடீனும் சுரப்பிக்குக் கேடு விளைக்கக்கூடும்.

மருந்தின் வரலாறு வியப்புடையது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மரே என்னும் வைத்தியர், ஆட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றைக் கடுங் குறைச்சுரப்பால் நலிந்த 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஏற்றினார். அவர் நலமுற்று மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் அமெரிக்கரான எட்வேட் கெண்டல் தைரொக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் ஹரிங்டனும் பாஜரும் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். இன்று வழங்கப்படும் இலெவோதைரொக்சின் மாத்திரை, உடல் தானே சுரக்கும் தைரொக்சினை ஒத்ததாகும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அதற்கு இடமுண்டு. ஆகவே, என் மாணவியின் வினாவுக்கு விடை இதுவாம்: அது பிள்ளை தங்குதற்கென ஆக்கப்பட்ட மாத்திரை அன்று, உடல் ஆக்கத் தவறியதை ஈடுசெய்யும் மாத்திரை. அவ்வீடு நிரம்பியபின் கருவுறுதற்கிருந்த தடைகளுள் ஒன்று நீங்கும்.

இனி, இக்கட்டுரையின் முதன்மையான செய்திக்கு வருவாம். கருவிலுள்ள குழந்தையின் தைரொயிட்டு ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரத்திலேதான் தொழிற்படத் தொடங்குகின்றது. போதிய அளவு சுரத்தற்கு மேலும் சில வாரங்கள் செல்லும். மூளை உருப்பெறத் தொடங்கும் முதற் றிங்கள்களில், குழந்தைக்கு வேண்டும் தைரொக்சின் முழுவதும் தாயிடமிருந்தே வரவேண்டும். இதன்பொருட்டுத் தாயின் சுரப்பி ஏறத்தாழ அரைமடங்கு மிகுதியாக உழைக்கின்றது. தளர்ந்த சுரப்பி அங்ஙனம் உழைக்கமாட்டாது. 1999இல் அமெரிக்காவில் ஹடோவும் அவர்தங் குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்று, குறைச்சுரப்பிருந்தும் கர்ப்பகாலத்தில் மருந்து பெறாத தாய்மாரின் பிள்ளைகள், ஏழு முதல் ஒன்பது வயதளவில் நுண்ணறிவுச் சோதனையில் ஏனையோரிலும் சராசரி 7 புள்ளிகள் குறைவாகப் பெற்றனர் எனக் காட்டிற்று.

முன்னரே மருந்துண்ணும் பெண்ணுக்கும் கருவுற்றபின் அதே அளவு போதாது. 2004இல் பொஸ்டன் நகரில் அலெக்சாந்தரும் பிறரும் நிகழ்த்திய ஆய்வில், தேவையான மருந்தளவு கர்ப்பத்தின் முற்பாதியில் சராசரி நூற்றுக்கு 47 உயர்ந்தது. அவ்வுயர்வு ஐந்தாம் வாரத்திலேயே தொடங்கக் காணப்பட்டது. ஐந்தாம் வாரம் என்பது, தள்ளிப்போன மாதவிடாயைப் பெண் ஐயுறத் தொடங்கும் காலம்! கிளினிக்கிற் பெயர் பதிந்து, முறை வந்து, வைத்தியரைக் காணுமுன் வாரங்கள் சில கழிந்துவிடும். ஆதலின், திருத்தம் கருவுறுமுன்னரே தொடங்கவேண்டும். மருந்துண்ணும் பெண் கருவுற விரும்பின், ரீ.எஸ்.எச். அளவு இலீற்றருக்கு 2.5 மில்லி அலகுக்குக் கீழ் இருத்தல் நன்று என 2017இல் வெளிவந்த அமெரிக்கத் தைரொயிட்டுச் சங்கத்தின் நெறிமுறை கூறுகின்றது. கர்ப்பம் என ஐயுற்றவுடன் கிழமைக்கு ஏழு மாத்திரைக்கு மேலும் இரண்டு உண்டு, உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பதும், கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை நான்கு வாரத்துக்கொருமுறை குருதியைச் சோதித்தல் வேண்டும் என்பதும் அந்நெறிமுறையே. தன் வைத்தியர் இவற்றுள் எதனை விதிப்பார் என்பதை ஒரு பெண் கருவுறுமுன்னரே கேட்டு வைத்துக்கொள்ளல் தக்கது.

மாத்திரையை உண்ணும் முறையும் மருந்தளவோடு ஒத்த சிறப்புடையது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் உட்கொள்ளாதிருத்தல் வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் ஆகிய மாத்திரைகளுக்கும் இதற்குமிடையே நான்கு மணி நேரம் கழியவேண்டும்; அன்றேல் அவை தைரொக்சினைப் பற்றிக்கொண்டு குருதியிற் சேரவிடாது தடுக்கும். என் மாணவியோ, அதிகாலையிற் சுடுதேநீரோடு மூன்று மாத்திரைகளையும் ஒருங்கே விழுங்கிப் பெரட்டுக்கு ஓடியவள். ‘நாள் தவறாமல் உண்கின்றேன்’ என்று அவள் கூறியது பொய்யன்று. உண்ட மருந்து உடலிற் போதியவாறு சேராததும் பொய்யன்று. எழுந்தவுடன் தண்ணீரோடு இதனை உண்டு, அடுப்பு மூட்டிச் சமையல் முடித்தபின் தேநீர் அருந்துதலும், ஏனை மாத்திரைகளைப் பிற்பகலுக்கு ஒதுக்குதலும் அவளுக்கு இயல்வனவாயின. விடியலில் இயலாதார், இரவுணவின்பின் மூன்று மணி நேரங் கழித்து உறங்கப்போகுமுன் உண்பதும் வைத்தியர் உடன்படும் முறையே. மாற்றத்தின் பயனை அறிய ஆறு வாரமேனும் பொறுத்துச் சோதித்தல் வேண்டும். ஏனெனில் தைரொக்சின் உடலில் மெல்லவே ஏறி மெல்லவே இறங்கும்.

ஆயினும் இம்மாத்திரையை எல்லாம் வல்ல மருந்தெனப் போற்றுதல் கூடாது. ரீ.எஸ்.எச். சிறிதே உயர்ந்துள்ள பெண்களுக்கு மருந்து வேண்டுமா என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. சுரப்பு இயல்பாக இருந்து, சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் மட்டும் குருதியிற் காணப்பட்ட பெண்களுக்கு இம்மருந்தைக் கொடுத்து நோக்கிய பிரித்தானிய ஆய்வொன்று 2019இல் வெளியாயிற்று. மருந்து பெற்றாரிடையே உயிருடன் பிறந்த குழந்தைகள் மிகவில்லை என்பதே அதன் முடிபு. ஆகவே, அயலாளின் மாத்திரையை வாங்கி உண்ணுதல் பேதைமை. ஓராண்டு முயன்றும் கரு வாய்க்காதவிடத்துக் கணவனும் சோதிக்கப்படல் வேண்டும். மனைவியின் கழுத்தை மட்டும் ஆராய்ந்து கணவனை விடுதல், சாதகத்தை மட்டும் ஆராய்வதினும் பெரிதும் வேறானதன்று.

என் மாணவியின் முதல் இழப்புக்கு இக்குறைபாடே காரணம் என எவரும் உறுதி கூறவியலாது. ஆயினும் உண்ணும் முறையைத் திருத்திய அடுத்த ஆண்டில் அவள் மீண்டும் கருவுற்றாள். அக்கிழமையே மாமியார், ‘வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை எதுவும் வேண்டாம்’ என்று தடுத்தார். அவ்வறிவுரை அன்பினின்றும் பிறந்தது. பல மருந்துகளுக்குப் பொருந்துவதும் ஆகும். இம்மருந்துக்கோ அது பொருந்தாது. கருவுற்ற காலத்தில் இதனை நிறுத்துதலே தீங்கு. அவள் மறுபடியும் என் வாயிலில் வந்து நின்றபோது, இம்முறை யான் தயங்கவில்லை: “நிறுத்தாதே, நாளைக்கே கிளினிக்குக்குப் போ” என்றேன். ஒரு நாட் பெயரை இழந்து அவள் சென்றாள். மருந்தளவு உயர்த்தப்பட்டது. அவள் மகள் இப்பொழுது எங்கள் பாடசாலையில் முதலாந் தரத்திற் பயில்கின்றாள்.

இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவர்களிற் பலர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் இத்தகைய ஊர்களுக்கு வருவர். சிலர் அங்கிருந்தே வந்தவர். புதிதாக மணந்தோர் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயர் பதியுங்கால், கழுத்தில் வீக்கமோ, மாதவிடாய்ப் பிறழ்வோ, முன் கருச்சிதைவோ, குடும்பத்தில் தைரொயிட்டு நோயோ இருப்பின் அதனைத் தயங்காது கூறி, குருதிப் பரிசோதனை வேண்டுமாவென வினாவுமாறு அறிவுறுத்துக. ஆங்கிலச் சீட்டொன்றை யாரேனும் கொணர்ந்தால், மருந்தின் பெயரைப் படித்துக் காட்டுவதோடு அமையாது, எப்பொழுது, எதனோடு, எதுவரை உண்ணவேண்டும் என்பதையும் வைத்தியரிடம் கேட்டறிந்து சொல்லுக. அன்று யான் அதனைச் செய்யச் சில கிழமைகள் தாழ்த்தேன், நீவிர் தாழ்க்கற்க.