ஆறாத அரிப்பும் சிறுநீர்ப்பையும்

டீயைக் குடித்தபடியே கேளுங்கள், கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆணுறுப்பிலோ விதைப்பையிலோ பெண்ணுறுப்பின் வெளி இதழிலோ ஒரு சிவந்த திட்டு. ஓயாமல் அரிக்கும். ஓரிடத்தில் நீர் கசியும், இன்னோரிடத்தில் வெள்ளையாகச் செதில் உரியும். படர்தாமரை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மருந்துக்கடையில் வாங்கும் ட்யூபில் பல நேரம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவினால் சற்று அடங்கும், விட்டால் பழையபடி வரும். வெளியே சொல்லக் கூசி, வருடக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு.

அபூர்வமாக அது தோல் புற்றுநோயாக இருக்கும். மார்புக்காம்பில் வரும் இப்படியொரு புண்ணைத் தொடர்ந்து மார்பகப் புற்று வருவதை 1874-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் எழுதினார். அவர் பெயரால் அது பேஜெட் நோய். 1889-இல் ராட்கிளிஃப் குரோக்கர் அதே நோயை விதைப்பையிலும் ஆணுறுப்பிலும் கண்டார். அந்த நோயாளிக்குச் சிறுநீர்ப்பையிலும் புற்று இருந்தது.

சிறுநீர்ப்பைப் புற்று தோலுக்கு எப்படி வரும் என்கிறீர்களா? சிறுநீர்ப்பையின் உட்புறத்தை மூடிய மெல்லிய படலம், சிறுநீர் வெளியேறும் குழாய் வழியாக நீண்டு வெளித்தோலோடு சேர்கிறது. புற்றுச் செல்கள் அந்தப் படலத்துக்குள்ளேயே, சுவரில் ஓதம் பரவுவதுபோல ஊர்ந்து வந்து மேல்தோலில் குடியேறும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சாதாரணத் தோல் செல்களுக்கு நடுவே வெளிறிய பெரிய செல்கள், தனித்தனியாகவும் கொத்தாகவும் தெரியும்.

பதற வேண்டாம். பிறப்புறுப்புப் பகுதியில் வரும் பேஜெட் நோயில் பெரும்பாலானவை தோலிலேயே தொடங்குபவை. ஆனால் தோலில் தொடங்கியதும் உள்ளிருந்து வந்ததும் கண்ணுக்கு ஒன்றுதான். யூரோபிளாகின் என்ற புரதம் சிறுநீர்ப் பாதைச் செல்களுக்கே உரியது. அதைக் காட்டும் சாயம் அந்த வெளிறிய செல்களில் ஏறினால் ஊற்று உள்ளே என்று தெரிந்துவிடும். ஏறாவிட்டாலும் டாக்டர் சிறுநீரில் புற்றுச் செல் தேடுவார், குழாய்க் கேமராவால் சிறுநீர்ப்பையைப் பார்ப்பார், ஆண்களுக்குப் புராஸ்டேட்டையும் சோதிப்பார். இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது என்பேன். உள்ளே புற்றை விட்டுவிட்டுத் தோலை மட்டும் வெட்டி என்ன பயன்?

சரியான மருந்தை ஆறு வாரம் போட்டும் ஆறாத திட்டு என்றால், ட்யூபை மாற்றாதீர்கள். தோல் டாக்டரிடம் போய் பயாப்ஸி எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் தோல்தான் எடுப்பார்கள். சிறுநீரில் எப்போதாவது ரத்தம் போயிருந்தால், அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.