கோவிட்டில் எடுத்த இ.பி.எஃப். பணம்: கொடுத்தது யார்?

உங்கள் சம்பள சிலிப்பைக் கொஞ்சம் பாருங்க. இ.பி.எஃப். 11 விழுக்காடு, கூடவே சொக்சோ, கடைசியில் இ.ஐ.எஸ். 0.2 விழுக்காடு. எல்லாமே சந்தாதான். ஆனா எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாது.

இ.பி.எஃப். உங்கள் சொந்தச் சேமிப்பு. கோவிட் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022-இல் 10,000 ரிங்கிட் வரையிலான சிறப்பு மீட்பு என நான்கு முறை கதவு திறந்தது. 81 லட்சம் பேர் எடுத்தது மொத்தம் 14,500 கோடி ரிங்கிட். பார்க்க உதவி மாதிரி இருந்துச்சு. உண்மையில் கொடுத்தது, 60 வயதில் இருக்கப்போகும் நீங்கள்தான்.

2018-இல் வந்த இ.ஐ.எஸ். வேறு ரகம். முதலாளி 0.2, நீங்கள் 0.2. வேலை போனவருக்கு, வேலை போகாதவர்களின் பணமும் சேர்ந்து போகும். சம்பள உச்சவரம்புக்கு உட்பட்டு, முதல் மாதம் 80 விழுக்காடு. காப்புறுதின்னா இதுதான்.

சரி, சம்பள சிலிப்பே இல்லாத ஒட்டுக்கடை அண்ணன், உணவு டெலிவரி தம்பி? சொக்சோவின் சுயதொழில் திட்டம் 2017 முதல் இருக்கு. ஆனா அது வேலை விபத்துக்கு. வருமானமே வராத மாதத்துக்கு இல்லை.

2020-இல் பிரிஹாத்தின் உதவித்தொகை அவர்களையும் எட்டியது, ஏன்னா அது சந்தாவிலிருந்து வரவில்லை. அரசு கஜானாவிலிருந்து வந்தது. அதுவும் இலவசமில்லை. வரி வசூல் போதாமல் அரசு கடன் வாங்கியது; சட்டப்படியான கடன் உச்சவரம்பு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 55 விழுக்காட்டிலிருந்து 60 ஆகி, 2021-இல் 65 ஆனது. அதற்கான வட்டி இன்னும் உங்கள் வரியில்தான் போகுது.