தேக்குக்கு ஒரு நூதனசாலை, தறிக்கு?

நூதனசாலை என்றதும் அரசர்களின் முடியும் வாளும்தான் நம் நினைவுக்கு வரும். ஒரேயொரு மரத்துக்காகவே அமைந்த நூதனசாலையும் உண்டு. கேரளத்தின் நிலம்பூரில், கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் அமைத்த தேக்கு நூதனசாலைதான் அது. பயிற்சியொன்றுக்காக அப்பக்கம் சென்றபோது பார்வையிடக் கிடைத்தது.

வாசலில் பெரிய தேக்கொன்றின் வேர்த்தொகுதியை வைத்திருக்கிறார்கள். உள்ளே 'உரு' என்னும் மரக்கப்பலின் மாதிரி உண்டு. பேப்பூரில் கட்டி முடித்த உருவைக் கப்பியும் கயிறும் தோள்பலமும் கொண்டு நீரில் இறக்குபவர்கள் மாப்பிள்ளைக் கலாசிகள்.

யந்திரங்கள் வருமுன் காட்டுவேலை எப்படி நடந்தது? பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, நின்ற நிலையிலேயே காயவிட்டுப் பிறகு தறிக்கும் வழக்கம் தேக்குக் காடுகளில் இருந்தது. யானைகள் அவற்றை ஆற்றங்கரைக்கு இழுத்துவரும். நிலம்பூர் மரங்கள் சாலியாற்று வழியே கோழிக்கோட்டின் கல்லாய் மரச்சந்தையை அடைந்தன.

கப்பல் கட்ட வெட்டி வெட்டி, மலபார்க் காடுகளில் தேக்கு அருகியது. கலெக்டர் கொனொலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கினார். முதலில் விதைகள் சரிவர முளைக்கவில்லை. சாத்து மேனன் என்ற வன அதிகாரியின் விடாமுயற்சியால் அது கைகூடியது. இவ்விருவர் பெயரும் வரலாற்றில் நிலைத்துவிட்டன. குழி தோண்டிக் கன்று நட்ட கூலியாட்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

சமூகவியல் படித்த எனக்கு அங்கே மருதமுனைதான் நினைவுக்கு வந்தது. நம்மூர்ச் சாரனும் சேலையும் நாடறிந்தவை. ஆனால், நெய்தவர் யாரென்று கேட்டால் தறிக்காரரின் பெயரைத்தான் சொல்வோம். விடியுமுன் எழுந்து தார் சுற்றிக் கொடுத்த மனைவியும் மகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அதை 'வீட்டுவேலை' என்று சொல்லிவிடுகிறோம். கூலி கேட்கும்போதும் கடன் கேட்டு விண்ணப்பிக்கும்போதும், 'தொழில்' என்ற இடத்தில் அவள் எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது வீடுகளோடு தறிகளும் போயின. எஞ்சிய பழைய தறிகளும் ராட்டினங்களும் இன்று விறகாகிவிடக் கூடாது.

சகோதரிகளே, கட்டடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய ராட்டினம் இருந்தால் துடைத்து வையுங்கள். உங்கள் உம்மம்மா எத்தனை வயதில் தார் சுற்றத் தொடங்கினார், நாளொன்றுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு, கையடக்கத் தொலைபேசியில் அவர் குரலிலேயே பதிந்து வையுங்கள். அடுத்த முறை விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது, 'தொழில்: நெசவு' என்று தயங்காமல் எழுதுங்கள்.