உயர்த்திய பிக்கப் வண்டிக்கு ஏற்ற சில்லும் ரயரும்

வயற் பாதையிலும் மாரிகாலச் சேற்றிலும் தடையின்றிச் செல்லும் பொருட்டுக் கமக்காரர் சிலர் தம் பிக்கப் வண்டிகளை உயர்த்திப் பெரிய சில்லுகளைப் பூட்டுகின்றனர். அவ்வாறு மாற்றும்பொழுது தோற்றத்தையும் விலையையும் மட்டும் நோக்குதல் போதாது. பூசணியோ நெல் மூடையோ நிறைய ஏற்றித் தம்புள்ளைக்கு ஓடும் வண்டியில் ரயர் வெடிக்குமாயின், விளைபொருளுடன் உயிரும் ஆபத்துக்குள்ளாகும். ஆதலால் பின்வருவனவற்றை இவ்வொழுங்கிலேயே கவனித்தல் வேண்டும்.

1. தாங்கும் நிறை

ரயரின் பக்கச் சுவரில், அளவை அடுத்து நிறைச் சுட்டெண் பொறிக்கப்பட்டிருக்கும். 102 என்பது 850 கிலோகிராமையும், 106 என்பது 950 கிலோகிராமையும் குறிக்கும். 106/104 என இரண்டு எண்கள் இருப்பின், முதலாவது தனிச் சில்லுக்கும் மற்றையது இரட்டைச் சில்லுக்கும் உரியது. 106 உடைய ரயர்களைக் கழற்றி 102 உடையவற்றைப் பூட்டினால், பின் அச்சில் மாத்திரம் 200 கிலோகிராம் தாங்குதிறன் குறைந்துவிடும். கார் ரயர் பார்வைக்குப் பருத்திருப்பினும் இக்குறை நீங்காது. எனவே புதிய சுட்டெண் பழையதிலும் குறைதல் ஆகாது. வண்டியை உயர்த்துவதனால் ஏற்றக்கூடிய நிறை கூடுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

2. விட்டம்

225/75 ஆர் 15 என்பதில், 225 மில்லிமீற்றர் ரயரின் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் 75 வீதம். 15 அங்குலம் றிம்மின் விட்டம். இதன் முழு விட்டம் ஏறத்தாழ 718 மில்லிமீற்றர். 265/70 ஆர் 16 ரயரின் விட்டமோ 777 மில்லிமீற்றர். இம்மாற்றத்தால் அச்சு ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் மட்டுமே உயரும். ஆனால், முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 60 எனக் காட்டும்பொழுது வண்டி 65 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். இழுவை குறையும், பிறேக்குக்கு வேலை கூடும்.

3. சில்லின் பொருத்தம்

துளைகளின் எண்ணிக்கை ஒத்திருந்தால் சில்லு பொருந்தும் என எண்ணுதல் தவறு. நான்கு சில்லும் இயங்கும் டொயோட்டா ஹைலக்ஸ், மிற்சுபிசி எல் 200 ஆகிய இரண்டிலும் 139.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் ஆறு துளைகள் உள்ளன. எனினும் ஹைலக்ஸ் சில்லின் நடுத்துளை 106 மில்லிமீற்றர். எல் 200 இனதோ 67 மில்லிமீற்றர். எனவே பின்னையது ஹைலக்ஸின் குடத்தில் ஏறாது. முன்னையது எல் 200 இல் ஏறினும் தளர்வாக நிற்கும். நடு விலகிப் பூட்டப்படின் ஓட்டத்தில் அதிரும்.

சில்லு வெளியே மிகத் தள்ளி நிற்பின் பெயரிங்குகள் விரைவில் தேயும். இடைத்தகடு வைத்து வெளியே தள்ளுதலும் இதே தீமையைத் தரும். நட்டின் அடிப்பகுதி சில்லின் துளையோடு ஒத்த வடிவினதாயிருத்தல் அவசியம்.

4. உராய்வுச் சோதனை

பூட்டிய பின், வெறும் வண்டியிலும் வழக்கமான பாரத்துடனும் சுக்கானை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்குக. ரயர் மட்காட்டிலோ பிறேக் குழாயிலோ படுமாயின் அவ்வளவு ஏற்றதன்று.

வாங்கும்பொழுதும் பின்னரும்

பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் உற்பத்திக் காலத்தைக் காட்டும். 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரமாகும். நெடுநாள் கிடந்து வெடிப்புக் கண்ட ரயரை மலிவெனக் கருதி வாங்கற்க. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்குக. சேற்றுக்காகக் காற்றைக் குறைத்திருப்பின், பாரத்துடன் தார் வீதியில் ஏறுமுன் உரிய அமுக்கத்திற்கு நிரப்புதல் வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் சூடேறி வெடிக்கும். உபரிச் சில்லும் ஏனையவற்றின் அளவினதாயிருக்கட்டும்.

பணம் கொடுக்குமுன் பழைய ரயரின் எண்களை ஒரு தாளில் எழுதிச் சென்று, புதியதுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.