எழுத்தாளர் கூட்டங்களுக்கு எதற்குப் போவது, எப்படிப் போவது

தமிழில் எழுத்தாளர்கள் ஒன்றுகூடிய வரலாற்றை மதுரையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. புலவர் தம் நூலைச் சங்கத்தார் முன் அரங்கேற்றி ஒப்புதல் பெற்ற பழங்கதைகள் இந்த ஊரைச் சுற்றித்தான் வழங்குகின்றன. கதைகளை ஒதுக்கினாலும், பாண்டித்துரைத் தேவர் 1901-ல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியது இங்கேதான். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-ல் தொடங்கப்பட்டதும் இங்கேதான். பின்னர் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு ‘தமுஎகச’ ஆகிவிட்ட அந்த அமைப்புக்குச் சிற்றூர்களிலும் கிளைகள் உண்டு. ஆகவே மதுரைக்குப் பக்கத்து அலங்காநல்லூரில் கதை எழுதிப் பார்க்கும் ஒருவருக்கு, முதல் இலக்கியக் கூட்டம் மதுரை பஸ் போய்ச் சேரும் தூரத்தில்தான் இருக்கிறது.

தனியே உட்கார்ந்து எழுதுபவருக்குத் தன் கதை வாசகரை எந்த இடத்தில் கைவிடுகிறது என்று தெரிய வழியில்லை. வீட்டார் பாராட்டுவார்கள், நண்பர்கள் படிக்காமலே பாராட்டுவார்கள். அதைவிடப் பெரிய குறை, தனக்கு முன்னால் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அறியாதிருப்பது. அலங்காநல்லூர்க்காரர் ஜல்லிக்கட்டைப் பற்றி எழுத நினைப்பது இயல்பு. கூட்டத்தில் அதைக் கேட்பவர்களில் ஒருவராவது, சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ படித்தாயிற்றா என்று விசாரிப்பார். வத்தலக்குண்டுக்காரரான செல்லப்பா இதே மண்ணின் மாட்டையும் மனிதரையும் எப்போதோ எழுதிவிட்டார் என்று தெரிந்தபின், புதியவர் அதே கதையைத் திரும்ப எழுத மாட்டார்; எழுதினாலும் வேறு மாதிரி எழுதுவார்.

எல்லாக் கூட்டமும் இந்தப் பயனைத் தராது. மேடையில் பொன்னாடையும் வாழ்த்துரையும் முடியவே மதியமாகிவிடும் விழாக்களில் புதியவர் கற்பதற்கு அதிகம் இல்லை. மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பதிப்பாளர்களை நேரில் காணலாம், பட்டியல்களைப் புரட்டலாம்; அதற்காகப் போகலாம். எழுத்தைப் பற்றியே பேச வேண்டுமென்றால் சிறிய விமர்சனக் கூட்டங்களும், ஒன்றிரண்டு நாள் நடக்கும் முகாம்களும் பட்டறைகளுமே ஏற்றவை. கலாப்ரியா குற்றாலத்தில் நடத்திய கவிதைப் பட்டறைகள் இன்றும் பேசப்படுகின்றன. விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் விருது வழங்கிவருகிறது. கோவையில் நடக்கும் அதன் விழாவில் எழுத்தாளரை மேடையேற்றி, அவரைப் படித்துவிட்டு வந்த வாசகர்கள் கேள்வி கேட்பது முக்கிய அங்கம். மதுரையில் வாழும் கவிஞர் அபிக்கு 2019-லும், சிறுகதையாளர் சுரேஷ்குமார இந்திரஜித்துக்கு 2020-லும் அந்த விருது கிடைத்தது. ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் 1988-ல் ஜெர்மனியில் தொடங்கிய ‘இலக்கியச் சந்திப்பு’ ஊர் ஊராக மாறிமாறி நடந்துவந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1926-ல் தொடங்கிய பிரெட் லோஃப் முகாமில், வருபவரின் கையெழுத்துப் பிரதியையே முன்னால் வைத்து விவாதிப்பார்கள். தமிழில் இந்த முறை இன்னும் குறைவு. நம்மிடம் பேச்சுதான் அதிகம்.

போவதென்று முடிவானதும் முதல் வேலை படிப்பு. யார் பேச வருகிறார்களோ அவர்களுடைய ஒரு புத்தகத்தையாவது முடித்துவிட்டுப் போக வேண்டும். மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கையில், புத்தகம் கிடைக்கவில்லை என்ற சாக்கு எடுபடாது. தங்க வேண்டிய முகாமென்றால் சாப்பாடு, தங்குமிடம் யார் பொறுப்பு, கட்டணம் உண்டா, பெண்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் விசாரிக்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இளம் எழுத்தாளர்கள் வேறு மொழிப் பகுதிகளுக்குப் போய்வர சாகித்ய அகாதெமி பயண நல்கை தருகிறது. பலருக்கு அது தெரிவதில்லை.

அரங்கில் கேள்வி கேட்பவர் இரண்டு வாக்கியத்தில் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் பதில் கிடைக்கும். தன் அபிப்பிராயத்தையே நீட்டி முழக்கினால் மைக்கைப் பிடுங்குவார்கள். உண்மையான பேச்சு தேநீர் இடைவேளையிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் நடக்கிறது, அந்த நேரத்தில் ஊருக்கு பஸ் பிடிக்க ஓடுபவர் பாதியை இழக்கிறார். மூத்த எழுத்தாளரிடம் நாவல் பிரதியைத் திணித்து முன்னுரை கேட்பது அவரை ஓடவைக்கும் நிச்சயமான வழி. சம வயதினர் இருவரிடம் ஒரு சிறுகதையைக் கொடுத்து, அவர்களுடையதை வாங்கிவருவது நல்லது. பதிப்பாளரிடமும் அங்கேயே ஒப்புதல் எதிர்பார்க்கக்கூடாது. எந்த வகை நூல் போடுகிறார்கள், பிரதியை எப்படி அனுப்புவது என்று கேட்டறிந்தால் போதும்.

திரும்பி வந்த பின் குறிப்பேட்டில் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க வேண்டும். வாங்கிவந்த கதைகளுக்குக் குறை நிறை சொல்லிப் பதில் எழுத வேண்டும். அதைச் செய்பவருக்குத் தன் கதைக்கும் அப்படியொரு பதில் வரும். அடுத்த கூட்டத்துக்கு முன் அந்தக் கதையைத் திருத்தி ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம்.