வாய் திறக்காத பெட்டி

வடக்கே வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பத்தின் பரணில் ஏறிப் பார்த்தால் ஒரு சின்ன அருங்காட்சியகமே இருக்கும். பெண் பத்து வயதில் அரங்கேற்றத்துக்குப் போட்ட நாட்டிய உடை, அவள் கல்லூரிக்குப் போனதும் மூட்டை கட்டிய சலங்கை, ஒன்பது படி கொலு ஐந்து படியானதில் மிஞ்சிய பொம்மைகள், ஒரே ஒரு கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவை. தெருவில் குரல் கொடுத்துப் போகும் கபாடிக்காரருக்கு இவற்றின் அருமை தெரியாது. ஆனால் போபாலிலோ ராஞ்சியிலோ இருக்கும் இன்னொரு தமிழ்க் குடும்பம் இதே நாட்டிய உடையைத் தேடிக்கொண்டிருக்கும். விசிறி மடிப்புத் தைக்கத் தெரிந்த தையல்காரர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லையே! இந்த இரு வீட்டையும் இணையம் இன்று சேர்த்து வைக்கிறது. செல்போனில் படம் பிடித்துப் போட்டால் வாங்க ஆள் வந்துவிடுகிறது.

நான் சில ஆண்டுகளாக இப்படி விற்று வருவதால் சங்கத்துச் சகோதரிகள் பலர் என்னிடம் விவரம் கேட்பதுண்டு. விலையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. "அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் அனுப்ப முடியுமா அக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

இதை வீண் கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்காரருக்கு வேலை போய், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பட்டுப்புடவைகளை ஒவ்வொன்றாக விற்ற ஒரு குடும்பத்தை நான் அறிவேன். அவர்களுக்குப் பணத்தைவிட, "அந்த வீட்டில் புடவையை விற்கிறார்களாமே" என்ற பேச்சு எழாமல் இருந்ததே பெரிய ஆறுதல். வாங்குகிறவருக்கும் மானம் உண்டு. "பார்சலை மாமியார்தான் வாங்குவார், மேலே பழைய புடவை என்று எழுதிவிடாதீர்கள்" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டுக்கொண்டார். ஆகவே பெட்டி வாயைத் திறக்கக் கூடாது. அதற்கான வழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

படம் எடுக்கும்போதே கவனம்

ரகசியம் பெட்டியில் தொடங்குவதில்லை, படத்தில் தொடங்குகிறது. கண்ணாடி பதித்த பீரோ முன் புடவையை விரித்துப் படம் எடுத்தால் பாதி வீடு அதில் தெரியும். வாசல் எண், குழந்தையின் பள்ளிச் சீருடை, சுவரில் மாட்டிய குடும்பப் படம் எதுவும் விழக் கூடாது. வெறும் சுவரோ வெள்ளை வேட்டியோ பின்னணியாக இருக்கட்டும். செல்போன் கேமரா, எடுத்த இடத்தையும் படத்தோடு பதிந்து வைக்கக்கூடும். அமைப்புகளில் போய் அந்த இருப்பிட வசதியை அணைத்துவிடுங்கள். வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு சிம் வைத்துக்கொள்வதும் நல்லது. வீட்டு எண் ஊர் சுற்ற வேண்டாம்.

பெட்டிக்குள்ளே

பட்டுப்புடவையைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினால் மழைக்காலத்துக்கும் கவலையில்லை. பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மடிப்பை மாற்றி மடித்தால் ஜரிகை ஒரே இடத்தில் இற்றுப்போகாது. இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்ட பிறகு கட்டுங்கள். நாப்தலின் உருண்டை வாசனை இருக்கிறதே, பத்தடி தூரத்திலேயே "பீரோவிலிருந்து வருகிறேன்" என்று சொல்லிவிடும்.

வாசனையைப் போலவே சத்தமும் காட்டிக் கொடுக்கும். சலங்கையை அப்படியே பெட்டியில் போட்டால் தபால்காரர் படியேறும்போதே ஜல் ஜல் என்று ஊருக்குச் சேதி போய்விடும். மணிகளுக்கு இடையே பஞ்சைத் திணித்து, துணியால் இறுக்கிச் சுருட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். கோயில் நகை வகை நாட்டிய நகைகளை ஒவ்வொன்றாகச் சிறு உறைகளில் போட்டால் கல் உதிராது, ஓசையும் வராது. கொலு பொம்மையானால் கை, கழுத்து போன்ற நீட்டிய இடங்களில் முதலில் துணி சுற்றவும். பிறகு சிறிய பெட்டி, அதைச் சுற்றிப் பஞ்சோ கசக்கிய தாளோ, அதற்கு வெளியே பெரிய பெட்டி. மூடியபின் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசைந்தால் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

மூடுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் இருவர் முகவரியையும் எழுதி உள்ளே போடுங்கள். மேல் சீட்டு கிழிந்து போனாலும் பெட்டி அநாதையாகாது.

பெட்டிக்கு வெளியே

பழைய அட்டைப்பெட்டியை மறுபடி பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அதில் ஒட்டியிருக்கும் பழைய சீட்டில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். மேலே பேனாவால் கிறுக்கினால் போதாது, உரித்தெடுக்க வேண்டும். பழைய பட்டைக் குறியீட்டையும் விட்டுவைக்காதீர்கள், பார்சல் பிரிக்கும் இடத்தில் குழப்பம் வரும். மிக்சி படமோ மதுபானப் பெயரோ அச்சான பெட்டியானால் உள்புறம் வெளியே வருமாறு திருப்பி ஒட்டலாம், அல்லது காக்கித் தாள் சுற்றலாம். உள்ளே இருப்பதன் பெயரை மேலே எழுத வேண்டாம். பொம்மைப் பெட்டிக்கு மட்டும் "உடையும் பொருள்" என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். அது எச்சரிக்கை, ரகசியத்தை உடைப்பதல்ல.

முகவரியை ஆங்கிலத்திலோ, போகும் ஊர் மொழியிலோ தெளிவாக எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடின் ஆறு இலக்கங்கள்தான் பார்சலுக்கு வழிகாட்டி. முதல் இலக்கம் 1 என்றால் டில்லி, ஹரியானா, பஞ்சாப் பக்கம். 4 என்றால் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் பக்கம். 6 என்றால் தமிழகம், கேரளம். வாங்குபவர் சொன்ன எண்ணும் ஊரும் ஒத்துப்போகின்றனவா என்று இதை வைத்தே ஓரளவு சரிபார்த்துவிடலாம்.

அனுப்புநர் முகவரியை எழுதாமல் விடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. விலாசதாரர் கிடைக்காவிட்டால் பெட்டி எங்கே திரும்பும்? வீட்டு முகவரி தர விருப்பமில்லாதவர்கள் தபால் ஆபீஸில் கட்டணம் கட்டி ஒரு தபால் பெட்டி எண் வாங்கிக்கொள்ளலாம். பெயரிலும் இனிஷியலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அனுப்பும் இடத்தில்

குடியிருப்பு வாசலில் கூரியர் பையன் வந்து, காவலாளி நோட்டில் எழுதி, பக்கத்து வீட்டார் விசாரித்து, இத்தனையும் வேண்டாம் என்றால், மார்க்கெட் போகும் பையில் பெட்டியை வைத்துக்கொண்டு நீங்களே தபால் ஆபீஸுக்குப் போவது உத்தமம்.

நமக்கெல்லாம் பழகிய பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. "ரிஜிஸ்டர் போஸ்ட்" என்று கேட்டு ஏமாற வேண்டாம். அதற்குப் பதிலாக, விலாசதாரர் கையிலேயே சேர வேண்டும் என்றால் விரைவுத் தபாலில் "பதிவு" என்ற கூடுதல் வசதியைக் கேளுங்கள். வாங்குபவரின் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால்தான் கொடுப்பது என்ற வசதியும் உண்டு. 2025 அக்டோபரில் அமலுக்கு வந்த கட்டணப்படி ஒவ்வொன்றுக்கும் 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். மாமியார் பிரிக்காமல் மருமகள் கைக்கே போய்ச் சேர இதைவிட மலிவான வழி இல்லை. ரசீதில் உள்ள 13 இடங்கள் கொண்ட எண்ணை வாங்குபவருக்கு மட்டும் அனுப்புங்கள். ரசீதையே படம் பிடித்துப் பொதுக் குழுவில் போடாதீர்கள்.

தனியார் கூரியரானால் பெட்டியின் அளவிலும் கண் வையுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வது பலரது வழக்கம். 40, 30, 25 அளவுள்ள பெட்டி 6 கிலோவாகிவிடும், உள்ளே 2 கிலோ பொம்மையே இருந்தாலும்! பொருளுக்குத் தக்க பெட்டிதான் லாபம்.

மறைக்கக் கூடாதவை

இதுவரை சொன்னது தெருவின் கண்ணிலிருந்து மறைப்பது. மறைக்கவே கூடாத இடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, தபால் ஆபீஸ். உள்ளே என்ன என்று கவுன்ட்டரில் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கொலு சாமானோடு சேர்த்துக் கற்பூரம், தீப்பெட்டி, விளக்கெண்ணெய்ப் பாட்டில் என்று போட்டு அனுப்பாதீர்கள். தீப்பிடிக்கும் பொருள் தபாலில் போகக் கூடாது. பழைய செல்போன், பேட்டரி உள்ள பொம்மை ஆகியவற்றைக் கேட்காமல் பெட்டியில் போடுவதும் ஆபத்து.

இரண்டு, வாங்குபவர். பழசாக இருப்பது குற்றமில்லை, பழசைப் புதுசு என்று சொல்வதுதான் குற்றம். புடவையில் கறை இருந்தால் கறையைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். சலங்கையில் மணி குறைந்திருந்தால் எண்ணிச் சொல்லுங்கள். கட்டும்போது ஒரு சின்ன வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் வழக்கு வராது.

பண விஷயத்தில் மட்டும் உங்களையே காத்துக்கொள்ள வேண்டும். "ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்தச் சதுரக் குறியை ஸ்கேன் செய்யுங்கள்" என்று பேசுவது நாடெங்கும் பழகிப்போன மோசடி. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போடச் சொன்னாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். பணம் வந்ததா என்பதை அவர் அனுப்பும் படத்தில் பார்க்காமல் உங்கள் வங்கிக் கணக்கில் பாருங்கள். அதன் பிறகே பெட்டியைத் தபாலில் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. வாங்குபவர் ஏன் பழசைத் தேடுகிறார் என்று நீங்கள் கேட்காதீர்கள். நீங்கள் ஏன் விற்கிறீர்கள் என்று அவரும் கேட்காமல் இருந்தால், அவர் நல்ல வாடிக்கையாளர். பார்சல் சேர்ந்ததும் அவருடைய முகவரியையும் எண்ணையும் செல்போனிலிருந்து அழித்துவிடுங்கள். அந்தக் காரியத்தையும் முடித்த பிறகுதான் விற்பனை முடிந்தது என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.