இரண்டாம் ஆண்டு யாருக்கு?

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வின் முடிவு வெளியாகும் மார்ச் மாதத்தில், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் பொறியியல் பட்டம் பெற்ற பிள்ளை இருக்கும் வீட்டிலே, எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை என்பதைத் தகப்பனார் முழுதாகக் கேட்டறிவதற்கு முன்னரே, "சரி, வேலைக்கு எப்பப் போகப் போறே?" என்ற கேள்வி உறவினர் வாயிலிருந்து புறப்பட்டுவிடுகிறது; பெண்ணாயிருந்தால், வேலையின் ஸ்தானத்தில் கல்யாணப் பேச்சு வந்து அமர்ந்துகொள்கிறது.

ஊரார் தோல்வியென்று சொல்லும் அந்த எண்ணை, முதற் சோர்வு தணிந்த பிறகு, வரவு செலவுக் கணக்கைப்போலப் பிரித்துப் பார்ப்பதே மறு முயற்சியின் ஆரம்பம். 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள், 3 மணி நேரம். தாம் அளித்த விடைகளின் பதிவும் சரியான விடைகளின் பட்டியலும் தேர்வர் கைக்கே கிடைக்கின்றபடியால், அறியாமையால் போனது எவ்வளவு, அவசரத்தால் போனது எவ்வளவு, துணிந்து ஊகித்ததால் போனது எவ்வளவு என்று ஒரு நோட்டில் மூன்று பத்தியாக எழுதிவிடலாம். நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில், ஒரு மதிப்பெண்ணுக்குரியது தவறினால் ஒரு மதிப்பெண்ணின் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண்ணுக்குரியது தவறினால் ஒரு மதிப்பெண்ணின் மூன்றில் இரண்டு பங்கும் கழிந்துபோகும். விடையை எண்ணாகவே இட வேண்டிய வினாக்களுக்கோ கழிவே இல்லை. இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஒன்பதை ஊகத்தினால் குறித்துத் தவறியவர், மெய்யாகவே அறிந்து சம்பாதித்த 6 மதிப்பெண்களைத் தம் கையாலேயே திருப்பிக் கொடுத்தவராகிறார்; அவருக்கு வேண்டியது புதிய புத்தகமன்று, நிதானம். அன்றியும், பெரும்பாலான பிரிவுகளில் பொதுத் திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்குச் சுமார் 13 என்று ஒதுக்கப்பட்டிருக்க, பாடப் பகுதியே பிரதானம் என்றெண்ணி இந்த 28 மதிப்பெண்களை அலட்சியம் செய்வோர் அநேகர்.

இவ்வளவுக்கும் அவகாசம் வேண்டுமே! பட்டம் முடித்ததும் ஒரு வேலையில் அமர்ந்து, சம்பாதித்துக்கொண்டே படிக்கலாம் என்பாருண்டு. கடன்பட்ட குடும்பத்துக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து படிக்கும் பெண்ணுக்கும் அவகாசம் எளிதில் கிட்டுவதில்லை. பிப்ரவரித் தேர்வுக்கு மும்முரமாய்ப் படிக்கவேண்டிய மாதங்களோ, வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொணர்ந்து, மணல் மூடிய முகத்துவாரம் திறந்து, ஏரியும் கடலும் கலக்கின்ற மாதங்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், சுத்துவலை கட்டும் இடங்களைப் பாடு என்ற பெயரால் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏரி இது. தம் முறை வாய்க்கும் நாளை எவர்தாம் நழுவவிடுவார்? அப்பா வலைக்கும் அம்மா மீன் விற்கவும் போய்விட, அடுப்பும் தம்பி தங்கையரும் யார் பொறுப்பாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தெர்மோகோல் மீன்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் நோட்டை விரித்துக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் பெண், ஒரு கணக்கு முடியுமுன் மும்முறை எழுந்து போகிறாள். அதே வீட்டில் ஆண்பிள்ளை இரண்டாம் முறை எழுதினால் "படிக்கிறான், தொந்தரவு பண்ணாதீங்க" என்கிறார்கள். பெண் எழுதினால் "சும்மாதானே வீட்ல இருக்கா" என்கிறார்கள். மதிப்பெண் குறைந்ததைவிட இந்தப் பேதமே எனக்குப் பெருங்கவலையாயிருக்கிறது.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து ராக்கெட் எழும்பும் நாளில், கடலுக்குப் போகாமல் கரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் குடும்பங்கள் இவை. அந்த விஞ்ஞானத்தில் தங்கள் பெண்ணுக்கும் பங்குண்டு என்று அவர்கள் எண்ணலாகாதா?

கேட் மதிப்பெண்ணால் எம்.டெக். சேர்ந்து உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோருக்கு மாதம் 12,400 ரூபாய் கிடைக்கிறது என்பதையும், மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லுமாதலால் மறுபடி எழுதுவதனால் பழையது அழிந்துபோவதில்லை என்பதையும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வார் வேண்டும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் பாதிதான். அந்தப் பணத்தை எப்படியாவது புரட்டிவிடுவார்கள். ஐப்பசி முதல் தை வரை அவளுடைய காலைப் பொழுதுகளை அவளுக்கே விட்டுவிடுவதற்கு, விண்ணப்பம் போடும் ஆகஸ்டு மாதத்திலேயே வீட்டார் இசைவார்களா என்பதுதான் என்னை உறுத்துகிறது.